நெல் ஆலை சேர்வரில் நெட்வேர்க் காட் பெயர்கள் மாறிவிட்டன: ஈத்0, ஈத்1 திரும்பக் கொண்டுவருவது எப்படி?

கிட்டங்கிப்பாதை
சனி, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். நாவிதன்வெளிப் பக்கம் ஒரு நெல் ஆலையின் கணினி வேலைகளை நான் பார்த்துக் கொடுக்கிறேன். அங்கே ஒரு பழைய டெஸ்க்டொப்பில் உபுண்டு சேர்வர் 22.04 என்ற லினக்ஸ் ஓடுகிறது. லொறி நிறுக்கும் தராசு, பில் போடும் இரண்டு கணினிகள், கமராக்கள் எல்லாம் அதன் வழியாகத்தான் போகின்றன. அதில் இரண்டு நெட்வேர்க் காட். போர்டோடு சேர்ந்து வந்த ரியல்டெக் காட் இணைய ரவுட்டருக்கு. தனியாக வாங்கிப் போட்ட இன்டெல் காட் உள்ளே இருக்கும் சுவிட்சுக்கு. முதலாவதற்குப் பெயர் ஈஎன்பி1எஸ்0, இரண்டாவதற்கு ஈஎன்பி2எஸ்0.

போன செவ்வாய் பின்னேரம் இடி மழை. சுவிட்சுக்கும் தராசு அறைக்கும் நடுவே முற்றத்துக்கு மேலால் கேபிள் போகிறது. அது வழியாக வந்த அடியில் சுவிட்சும் இன்டெல் காட்டும் போய்விட்டன. அன்று இரவே வேறொரு காட் கொண்டுபோய்ப் போட்டேன். பழைய காட் இருந்த சின்ன ஸ்லொட் கேபிள்களுக்கு நடுவே நெருக்கமாக இருந்ததால், மேலே இருக்கும் நீள ஸ்லொட்டில் போட்டுவிட்டு, விளக்குகள் எரிவதைப் பார்த்துவிட்டு வந்தேன்.

காலையில் போன் வந்தது. தராசு இல்லை, பில் இல்லை, இணையமும் இல்லை. போய்ப் பார்த்தால் பெயர்கள் இரண்டும் இடம் மாறி இருக்கின்றன. புதிய காட்டுக்கு ஈஎன்பி1எஸ்0, ரியல்டெக்குக்கு ஈஎன்பி2எஸ்0. நான் தொடாத காட்டின் பெயர் ஏன் மாறவேண்டும் என்று விளங்கவில்லை. லொறிகள் வரிசையில் நின்றதால், பின்னால் கேபிள்களை மாற்றிக் குத்தினேன். வேலை செய்தது. ஆனால் இப்படியே விட மனம் இல்லை.

சென்டோஸ் 6 என்ற பழைய லினக்ஸ் காலத்தில் காட்களுக்கு ஈத்0, ஈத்1 என்று பெயர் வரும், நிம்மதியாக இருந்தது. அதைத் திரும்பக் கொண்டுவர வழி சொல்லுங்கள்.


வாழைச்சேனை_பையன்
சனி, இரவு 9.35

அண்ணன், இது இரண்டு நிமிட வேலை. அமைப்புக் கோப்புகள் இருக்கும் எட்சி அடைவில் டிஃபோல்ட் என்பதற்குள், லினக்ஸை எழுப்பும் கிரப் நிரலின் பெயரில் ஒரு கோப்பு இருக்கும். அதில் கிரப் சிஎம்டிலைன் லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் மேற்கோளுக்குள் நெட்.ஐஎஃப்நேம்ஸ்=0 என்றும், ஓர் இடைவெளி விட்டு பயோஸ்டெவ்நேம்=0 என்றும் எழுதுங்கள். பிறகு சூடோ அப்டேட்-கிரப். நெட்வேர்க் அமைப்பை எழுதி வைக்கும் நெட்பிளான் கோப்பில் பழைய பெயர்களை எடுத்துவிட்டு ஈத்0, ஈத்1 என்று போட்டு ரீபூட் பண்ணுங்கள்.

நான் பார்க்கும் மூன்று சேர்வரில் நான்கு வருடமாக இப்படித்தான். ஒரு பிரச்சினையும் வரவில்லை.


கல்லடிப்பாலம்
சனி, இரவு 10.20

தம்பி சொன்ன வழி வேலை செய்யும். ஆனால் இந்த ஆலைக்கு அது வேண்டாம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈத்0 என்பது ஒரு காட்டின் பெயர் இல்லை. முதலில் கண்ணில் பட்ட காட்டுக்கு, லினக்ஸின் மையமான கேர்னல் கொடுக்கும் வரிசை எண். இயந்திரம் எழும்பும்போது, காட்களை இயக்கும் நிரல்களான டிரைவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறுவதில்லை, பலதும் ஒரே நேரத்தில் ஏறுகின்றன. உங்களிடம் ஒன்று ரியல்டெக், மற்றது இன்டெல். இரண்டுக்கும் வேறு வேறு டிரைவர். எது முந்துகிறதோ அது ஈத்0. இன்று ரியல்டெக் முந்தும். ஒரு கேர்னல் அப்டேட்டுக்குப் பிறகு மற்றது முந்தலாம். இப்போது காட்டை மாற்றியதால் பெயர் மாறியது. அந்த வழிக்குப் போனால் ஒன்றையும் மாற்றாமலே ஒரு ரீபூட்டில் மாறக்கூடும்.

சென்டோஸ் 6இல் நிம்மதியாக இருந்ததற்குக் காரணம் ஈத்0 என்ற பெயர் இல்லை. வன்பொருளைக் கவனித்துப் பெயர் வைக்கும் யூடெவ் நிரல் பின்னால் இருந்து ஒரு கோப்பை எழுதி வைத்தது. 70-பெர்சிஸ்டன்ட்-நெட் என்று பெயர் தொடங்கும். எந்த மேக் முகவரிக்கு, அதாவது காட்டில் பொறித்த தனி எண்ணுக்கு, எந்தப் பெயர் என்று அதில் ஒரு வரி இருக்கும். அதுதான் பெயரைப் பிடித்து வைத்திருந்தது. அதற்கும் ஒரு வில்லங்கம் இருந்தது. காட்டை மாற்றினால் பழைய வரி அப்படியே இருக்க, புதிய காட் ஈத்2 என்று வரும். விஎம் எனும் மெய்நிகர் கணினி ஒன்றைக் குளோன் பண்ணினால் ஈத்0 காணாமல்போய் ஈத்1 வந்து நிற்கும். அந்தக் காலத்தில் சேர்வர் பார்த்தவர்கள் எல்லோரும் அந்தக் கோப்பை ஒருதரமாவது அழித்திருப்பார்கள்.

லினக்ஸை எழுப்பி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின், 2013 ஜனவரியில் வந்த 197ஆம் பதிப்பில் இந்த முறையைக் கைவிட்டு, காட் எந்த இடத்தில் செருகப்பட்டிருக்கிறது என்பதை வைத்துப் பெயர் கொடுக்கத் தொடங்கினார்கள். ரெட்ஹாட் 7இல் வந்தது, உபுண்டுவில் 15.10இல் வந்தது, டெபியனில் 9இல் வந்தது. காட் செத்து, அதே ஸ்லொட்டில் புதிய காட் போட்டால் பெயர் மாறாது என்பதுதான் அதன் நோக்கம். நீங்கள் பழைய ஸ்லொட்டிலேயே போட்டிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது.

ஒரே ஒரு காட் உள்ள இயந்திரம், மேகத்தில் வாடகைக்கு எடுக்கும் விஎம், இவற்றில் தம்பியின் வழி நல்ல வழிதான். அங்கே முந்துவதற்கு இன்னொன்று இல்லை.


வாழைச்சேனை_பையன்
சனி, இரவு 10.31

அண்ணன், நான் பார்க்கும் மூன்றில் இரண்டு ஒற்றைக் காட். மூன்றாவதில் இரண்டு காட் இருக்கிறது, இரண்டும் ஒரே இன்டெல் வகை. அதுவும் மாறலாமா?


கல்லடிப்பாலம்
சனி, இரவு 10.38

ஒரே டிரைவர் என்றால் பெரும்பாலும், காட்களைச் செருகும் பிசிஐ இணைப்புகளின் வரிசைப்படியே எண் விழும். அதனால்தான் நான்கு வருடம் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அதில் வேறு வகைக் காட் ஒன்றைக் கூட்டும் அன்று கவனமாக இரு.


கிட்டங்கிப்பாதை
சனி, இரவு 10.50

விளங்குகிறது அண்ணன். ஆனால் ரியல்டெக் போர்டோடு ஒட்டியிருக்கிறது. நான் அதைத் தொடவே இல்லை. இடத்தை வைத்துத்தான் பெயர் என்றால் அதன் பெயர் மட்டும் ஏன் 1இல் இருந்து 2 ஆனது?


கல்லடிப்பாலம்
ஞாயிறு, காலை 6.45

இரவே எழுத நினைத்தேன், கரண்ட் போய்விட்டது.

பெயரைப் பிரித்துப் பாருங்கள். ஈஎன் என்றால் ஈதர்நெட். வயர்லெஸ் என்றால் டபிள்யூஎல் என்று தொடங்கும். அதற்குப் பிறகு வரும் எழுத்துத்தான் முக்கியம். ஓ வந்தால், போர்டில் இருக்கும் காட், அதற்கு போர்டின் சொந்த நிரலான பயோஸே எண் கொடுத்திருக்கிறது. ஈஎன்ஓ1 அப்படி வருவது. எஸ் வந்தால் ஸ்லொட் எண். இவை இரண்டும் கிடைக்காவிட்டால் பி, அதாவது பிசிஐ பாதை. ஈஎன்பி2எஸ்0 என்றால் பஸ் எனும் பிசிஐ தடம் 2, அதில் இடம் 0. எக்ஸ் வந்தால் அதன் பின்னால் மேக் முகவரி முழுதாக வரும். யூஎஸ்பி காட்களில் பார்த்திருப்பீர்கள். மூன்று எழுத்தும் பன்னிரண்டு இலக்கமும் சேர்ந்து சரியாகப் 15. கேர்னல் அனுமதிக்கும் உச்ச நீளமும் 15தான்.

உங்கள் போர்ட் விலை குறைந்த டெஸ்க்டொப் போர்ட். ரியல்டெக்குக்கு பயோஸ் எண் கொடுக்கவில்லை, அதனால் பாதைப் பெயர் கிடைத்திருக்கிறது. இந்தப் பஸ் எண் சுவரில் அடித்த இலக்கம் இல்லை. ஒவ்வொரு முறை எழும்பும்போதும் முதல் பாதையில் இருந்து எண்ணிக்கொண்டு வருவார்கள். நீள ஸ்லொட் நேரே சிபியூவில் இருந்து வருவது, அதுதான் வரிசையில் முதல். அது காலியாக இருந்தபோது பயோஸ் அந்தப் பாதையையே மறைத்துவிட்டது. ஆகவே ரியல்டெக் 1, சின்ன ஸ்லொட் 2. நீங்கள் நீள ஸ்லொட்டில் காட் போட்டதும் அது 1 ஆகிவிட்டது, ரியல்டெக் ஓர் இடம் தள்ளி 2 ஆனது. வாங்கில் இருப்பவர்களுக்கு முன்னால் இன்னொருவர் வந்து இருந்தால் எல்லோரும் ஓர் ஆள் நகர்வதுபோல.

இன்னொன்று, தேடும்போது குழம்பாமல் இருக்க. பிசிஐயில் இருப்பவற்றைப் பட்டியல் போடும் எல்எஸ்பிசிஐ கட்டளை பஸ் எண்ணைப் பதினாறின் அடியில் காட்டும், பெயரில் அது பத்தின் அடியில் வரும். எல்எஸ்பிசிஐயில் 0ஏ என்று இருப்பது பெயரில் 10. இன்டெல் போர்டுகளில் 1எஃப்.6 என்று இருக்கும் காட்டுக்கு ஈஎன்பி0எஸ்31எஃப்6 என்று ஏன் வருகிறது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். 1எஃப் என்பது 31. அவ்வளவுதான்.


நிந்தவூர்_வலை
ஞாயிறு, காலை 8.05

தம்பி கிட்டங்கிப்பாதை, அஸ்ஸலாமு அலைக்கும். பெயர் எப்படி வந்தது என்பதைக் கல்லடிக்காரர் வடிவாகச் சொல்லிவிட்டார். எனக்கு வேறு ஒரு கவலை.

செவ்வாய் இரவு நீங்கள் காட் போட்டுவிட்டு வந்தீர்கள், புதன் காலைதான் கேபிளை மாற்றினீர்கள். அந்த இடைப்பட்ட நேரம் உங்கள் ஃபயர்வோல் என்ன செய்துகொண்டிருந்தது? அதில் ஈஎன்பி2எஸ்0 உள்பக்கம், அங்கிருந்து வருவதெல்லாம் அனுமதி என்று எழுதியிருப்பீர்கள். அன்று இரவு ஈஎன்பி2எஸ்0 ரவுட்டர் பக்கம். அதாவது வாசல் கதவைத் திறந்துவிட்டு அடுப்படிக் கதவைப் பூட்டி வைத்த மாதிரி. உள்பக்கத்துக்கு முகவரி கொடுக்கும் டிஎன்எஸ்மாஸ்க்கும் ரவுட்டர் பக்கம் முகவரி கொடுத்துக்கொண்டு இருந்திருக்கும்.

எங்களுக்கு இது நடந்தது. ஓர் இடத்தில் சேமிப்புக்கு என்விஎம்ஈ டிஸ்க் ஒன்றைக் கூட்டினோம். அதற்கும் ஒரு பஸ் எண் போனது. இரண்டு காட்டும் ஒவ்வோர் எண் தள்ளிப்போய், 3 என்று இருந்த உள்பக்கம் 4 ஆனது, 2 என்று இருந்த வெளிப்பக்கம் 3 ஆனது. டிஸ்க் போட்டால் நெட்வேர்க் பெயர் மாறும் என்று யாரும் நினைக்கமாட்டோம். நாங்களும் நினைக்கவில்லை. அங்கே ரவுட்டர் பிரிட்ஜ் முறையில் இருந்தது, அதனால் வெளி முகவரியே சேர்வருக்கு வந்தது. பதிவுக் கோப்பைப் பார்த்தபோது, தொலைவில் இருந்து உள்ளே நுழையும் எஸ்எஸ்எச் கதவை ஊர் பேர் தெரியாத முகவரிகள் விடிய விடியத் தட்டியிருந்தன. கடவுச்சொல்லால் நுழைய முடியாதபடி முன்பே வைத்திருந்ததால் தப்பினோம்.

நுழைவுகளைப் பதியும் உங்கள் ஓத்.லொக் கோப்பைத் திறந்து அந்த இரவைப் பாருங்கள். இதைச் செய்த பிறகு பெயர் வேலைக்குப் போங்கள்.


கிட்டங்கிப்பாதை
ஞாயிறு, காலை 9.30

வஅலைக்கும் ஸலாம் காக்கா. நீங்கள் எழுதியதை வாசித்ததும் உடனே உள்ளே போய்ப் பார்த்தேன். எங்கள் ரவுட்டர் பிரிட்ஜ் முறையில் இல்லை, அதனால் வெளியில் இருந்து யாரும் வரவில்லை. ஓத்.லொக்கில் என்னுடைய நுழைவு மட்டும்தான்.

ஆனால் டிஎன்எஸ்மாஸ்க் பற்றிச் சொன்னது அப்படியே நடந்திருக்கிறது. அன்று இரவு காவலுக்கு நின்ற ஐயா, ரவுட்டரின் வைஃபையில் இருக்கும் தன் போனுக்கு இணையம் வரவில்லை என்று புதன்கிழமை சொன்னார். கரண்ட் போய் வந்ததால் ரவுட்டர் திணறியிருக்கும் என்று நான் நினைத்தேன். இப்போது பதிவைப் பார்த்தால், ஐயாவின் போனுக்கு எங்கள் சேர்வர் 192.168.10இல் ஒரு முகவரி கொடுத்திருக்கிறது.

சரி, ஈத்0 எண்ணத்தை விட்டுவிட்டேன். என்ன செய்தால் இனிமேல் எந்த ஸ்லொட்டில் போட்டாலும் மாறாமல் இருக்கும்?


கல்லடிப்பாலம்
ஞாயிறு, பகல் 1.15

பெயரை நீங்களே வையுங்கள். செய்யும் வேலையைச் சொல்லும் பெயராக. உள்பக்கத்துக்கு லேன்0, வெளிப்பக்கத்துக்கு வேன்0. ஃபயர்வோல் கோப்பை ஒரு வருடம் கழித்துத் திறந்தாலும், உங்களுக்குப் பிறகு வருகிற பிள்ளை திறந்தாலும், எது உள், எது வெளி என்று யோசிக்கத் தேவையில்லை.

முதலில் சேர்வரில் ஐபி லிங்க் கட்டளை கொடுத்து இரண்டு காட்டின் மேக் முகவரிகளையும் எடுங்கள். காட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து எழுதவேண்டாம். அச்சு மங்கினால் 8உம் பியும் ஒன்றுபோல இருக்கும்.

பிறகு எட்சிக்குள் சிஸ்டம்டி, அதற்குள் நெட்வேர்க் என்ற அடைவில் காட்டுக்கு ஒன்றாக இரண்டு கோப்புகள். 10-லேன்0.லிங்க், 10-வேன்0.லிங்க். முன்னால் 10 இருக்கட்டும். சிஸ்டத்தோடு வரும் பொதுக் கோப்பு 99 என்று தொடங்குகிறது. எண் வரிசையில் முதலில் பொருந்தும் கோப்பைத்தான் எடுத்துக்கொள்ளும், மற்றதைப் பார்க்காது.

ஒவ்வொரு கோப்பிலும் நான்கு வரி போதும். முதல் வரி சதுர அடைப்புக்குள் மெட்ச் என்ற தலைப்பு. அடுத்தது பெர்மனன்ட்மேக்அட்ரஸ், சமன் குறி, முகவரி. மூன்றாவது சதுர அடைப்புக்குள் லிங்க். நான்காவது நேம்=லேன்0. வெறும் மேக்அட்ரஸ் என்றும் எழுதலாம், ஆனால் பின்னாளில் விலேன், அதாவது அதே காட்டின் மேல் தனி நெட்வேர்க், அமைத்தால் அதற்கும் காட்டின் அதே முகவரிதான் வரும், இரண்டுக்கும் ஒரே பெயர் வைக்கப் பார்த்து முட்டிக்கொள்ளும். பெர்மனன்ட் என்பது காட்டில் பொறித்த முகவரியை மட்டும் பார்க்கும். உபுண்டு 22.04இல் இருக்கும் சிஸ்டம்டி 249க்கு அது தெரியும்.

பெயராக ஈத்0 என்று வைக்காதீர்கள். கேர்னல் தானாகக் கொடுக்கும் பெயரும் அதுவே. நீங்கள் ஒரு காட்டுக்கு ஈத்0 கொடுக்கப் போகும் அதே கணத்தில் மற்றக் காட் அந்தப் பெயரை வைத்துக்கொண்டிருந்தால் மாற்றம் தோற்றுப்போகும்.

கடைசியாக சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ. இதைப் பலர் விட்டுவிடுவார்கள். எழும்பும்போது முதலில் ஓடும் சிறிய சிஸ்டத்துக்குள்ளும் இந்தக் கோப்புகளின் நகல் போகவேண்டும். போகாவிட்டால் அங்கேயே பழைய முறையில் பெயர் விழுந்துவிடும்.


வாழைச்சேனை_பையன்
ஞாயிறு, பகல் 1.40

அண்ணன், நெட்பிளானிலேயே மேக்அட்ரஸ் கொடுத்து செட்-நேம் என்று போட்டால் இது எல்லாம் ஒரே கோப்பில் முடியுமே?


கல்லடிப்பாலம்
ஞாயிறு, பகல் 2.05

முடியும், அதுவும் சரியான வழி. அது பின்னால் இதே மாதிரி லிங்க் கோப்பைத்தான் உருவாக்குகிறது. உபுண்டு மட்டும் பார்ப்பவர்களுக்கு அது போதும். நான் டெபியனும் பார்க்கிறேன், எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருப்பதற்காக லிங்க் கோப்பை விரும்புகிறேன். இரண்டிலும் வேறு வேறு பெயர் எழுதி வைக்காதே, அது போதும்.


ஒலுவில்_மாணவி
ஞாயிறு, பின்னேரம் 4.20

ஒரு சின்னச் சந்தேகம். வேலையைச் சொல்லும் பெயர் என்றால் தமிழிலேயே உள், வெளி என்று வைக்கலாமா? யூனிகோட் ஏற்குமா?


கல்லடிப்பாலம்
ஞாயிறு, பின்னேரம் 5.00

நல்ல கேள்வி தங்கச்சி. கேர்னலைப் பொறுத்தவரை தடை இல்லை. சாய்கோடு, முக்காற்புள்ளி, இடைவெளி இவை இருக்கக்கூடாது, 15 பைட்டுக்குள் இருக்கவேண்டும், அவ்வளவுதான் அது பார்க்கும். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். உள் என்பதில் உ, ள, புள்ளி என்று மூன்று குறி, 9 பைட். வெளி 12 பைட். இரண்டும் அடங்கும். மின்னல் என்று வைக்கப் போனால் 21, அடங்காது. ஐபி லிங்க் கட்டளையால் உள் என்று பெயர் வைத்துப் பார்க்கலாம், ஏற்கும்.

ஆனால் சிஸ்டம்டி ஏற்காது. ஆங்கில எழுத்தும் எண்ணும் இருக்கும் ஆஸ்கி தொகுதிக்கு வெளியே உள்ள எழுத்து பெயரில் இருந்தால் அது செல்லாது என்று அதன் நிரலிலேயே இருக்கிறது. ஆகவே லிங்க் கோப்பால் வைக்க முடியாது, ரீபூட்டில் நிலைக்காது. வருங்காலத்தில் இதை மாற்றச் சொல்லி யாராவது கேட்கவேண்டும். நீங்கள் கேட்டால் நான் சந்தோசப்படுவேன்.


நிந்தவூர்_வலை
ஞாயிறு, இரவு 7.50

தம்பி, கோப்பு எழுதுவது பத்து நிமிடம். பழைய பெயர் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று தேடுவதுதான் வேலை. எட்சி அடைவு முழுவதையும் கிரெப் -ஆர் கொடுத்து இரண்டு பழைய பெயரையும் தேடுங்கள். நெட்பிளானும் டிஎன்எஸ்மாஸ்க்கும் எல்லோருக்கும் நினைவு வரும். மறந்துபோவது, கேர்னலுக்கான அமைப்புகளை எழுதும் சிஸ்சிடிஎல் கோப்பில் ஐபிவி4.கொன்ஃப் என்று தொடங்கி நடுவே காட்டின் பெயர் வரும் வரிகள். அது தவறினால் பிழை ஒன்றும் பெரிதாகக் கத்தாது, அந்த அமைப்பு மட்டும் பேசாமல் இல்லாமல்போகும். கமராப் பதிவு ஸ்கிரிப்ட், நேரம் வைத்து வேலைகளை ஓட்டும் க்ரோனில் இருப்பவை, இவை ரூட் அல்லது உங்கள் சொந்த அடைவில் இருக்கலாம். அங்கேயும் தேடுங்கள்.

எல்லா மென்பொருளும் கோப்பில் எழுதி வைப்பதில்லை. உரிமத்தை ஈத்0இன் மேக் முகவரியோடு கட்டி வைக்கும் கணக்கு மென்பொருள்கள் உண்டு. பில் போடுவது அப்படி ஒன்றா என்று முதலாளியிடம் கேட்டுவிடுங்கள்.

ஃபயர்வோலுக்கு என்எஃப்டேபிள்ஸ் பாவிக்கிறீர்களா? அப்படியானால் ஐஐஎஃப் என்று எழுதிய இடங்களை ஐஐஎஃப்நேம் ஆக்குங்கள். ஐஐஎஃப், விதி ஏறும் நேரத்தில் அந்தக் காட்டின் உள் எண்ணைத் தேடி எடுத்து வைக்கும். அந்த நேரம் லேன்0 இன்னும் வரவில்லை என்றால் விதிக் கோப்பு முழுவதுமே ஏறாமல் போய்விடும். ஃபயர்வோல் இல்லாமல் சேர்வர் எழும்பும். ஐஐஎஃப்நேம் பெயரை மட்டும்தான் ஒப்பிடும். காட் பிறகு வந்தாலும் பொருந்தும்.

மற்றது, இதை வீட்டில் இருந்து எஸ்எஸ்எச் வழியாகச் செய்யவேண்டாம். நெட்பிளான் ட்ரை கட்டளை 120 செக்கனுக்குள் நீங்கள் உறுதி சொல்லாவிட்டால் பழைய அமைப்புக்குத் திரும்பும் என்பது உண்மை. ஆனால் அது நெட்பிளானுக்கு மட்டும்தான் காவல். ரீபூட்டில் பெயர் விழாவிட்டால் உங்களைக் காப்பாற்றாது. கீபோர்டும் திரையும் கொண்டுபோய் முன்னால் இருந்து செய்யுங்கள். மாரி தொடங்கி கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் தண்ணீர் பாய்ந்தால் கல்முனையில் இருந்து அந்தப் பக்கம் போகமுடியாது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தண்ணீர் வருவதற்கு முன் முடியுங்கள்.


ஏறாவூர்_டெபியன்
ஞாயிறு, இரவு 9.15

இந்த இழையை வாசிக்கும் டெபியன்காரர்களுக்கு ஒன்று. காட்டையும் தொடாமல் ஸ்லொட்டையும் தொடாமல், அப்கிரேட் செய்தாலும் பெயர் மாறலாம். பெயர் வைக்கும் விதிகளுக்கே பதிப்பு உண்டு. சிஸ்டம்டி புதுப்பதிப்பில் ஸ்லொட் எண்ணை வாசிக்கும் விதம் திருந்தினால், நேற்று பி என்று வந்தது இன்று எஸ் என்று வரலாம். 2025 ஓகஸ்டில் டெபியன் 13 வந்தபோது அதன் வெளியீட்டுக் குறிப்பிலேயே, நேரில் போகமுடியாத இயந்திரங்களை அப்கிரேட் செய்கிறவர்கள் கவனம் என்று இதைச் சொல்லியிருக்கிறார்கள்.

பெயரை மாற்றாமல் அப்கிரேட் மட்டும் செய்ய விரும்பினால் கேர்னல் வரியில் நெட்.நேமிங்-ஸ்கீம்=வி252 என்று போடலாம். டெபியன் 12இல் இருப்பது சிஸ்டம்டி 252. பழைய விதிப்படியே பெயர் தொடரும். ஆனால் எனக்கும் சொந்தப் பெயர் வைப்பதுதான் பிடித்த வழி. சொந்தப் பெயருக்கு இந்த விதிகள் ஒன்றும் பொருந்தாது.

மற்றது, ஐபி லிங்க் காட்டும்போது கீழே ஓல்ட்நேம் என்று ஒரு வரி வந்தால் பயப்படவேண்டாம். அது மாற்றுப் பெயர். கேர்னல் 5.5இல் இருந்து ஒரு காட்டுக்குப் பல பெயர் இருக்கலாம்.


கிட்டங்கிப்பாதை
புதன், இரவு 8.40

இன்று ஆலைக்கு லீவு, முழு நாளும் அங்கேதான் இருந்தேன். நடந்ததை எழுதுகிறேன்.

கிரெப்பில் பழைய பெயர் பதினொரு இடத்தில் வந்தது. காக்கா சொன்ன சிஸ்சிடிஎல் வரி இரண்டு இருந்தது, நான் போட்டது என்றே எனக்கு நினைவில்லை. கமராக்களின் பதிவை நகல் எடுக்கும் ஸ்கிரிப்ட்டில் ஒன்று. பில் மென்பொருள் மேக் முகவரியைப் பார்ப்பதில்லை என்று உறுதி செய்துகொண்டேன்.

லிங்க் கோப்பு இரண்டும் எழுதி, நெட்பிளானை மாற்றி, ரீபூட் கொடுத்தேன். வேன்0 வந்தது. லேன்0 வரவில்லை, புதிய காட் ஈஎன்பி1எஸ்0 என்றே நின்றது. கேர்னலின் பதிவான டிமெசெக்கைப் பார்த்தேன். ஈ1000ஈ, 0000:01:00.0, ஈஎன்பி1எஸ்0, ஈத்0இல் இருந்து பெயர் மாற்றப்பட்டது என்று ஒரு வரி. நேரத்தைப் பார்த்தால் எழும்பி இரண்டாவது செக்கன். அப்போதுதான் பிடிபட்டது, அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் கொடுத்த பிறகு லேன்0 கோப்பில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தியிருந்தேன். உள்ளே போன நகல் பிழையான கோப்பு. திரும்ப அந்தக் கட்டளையைக் கொடுத்து ரீபூட் பண்ணினேன். இரண்டும் சரியாக வந்தன.

பிறகு சேர்வரை நிறுத்தி, காட்டை நீள ஸ்லொட்டில் இருந்து கழற்றிச் சின்ன ஸ்லொட்டுக்கே கொண்டுபோனேன். எழுப்பினேன். லேன்0 லேன்0தான், வேன்0 வேன்0தான். எல்எஸ்பிசிஐ காட்டும் பஸ் எண்ணில் மட்டும் 1 போய் 2 வந்திருந்தது.

கேள்வி ஒன்று மிச்சம். மின்னலில் இந்தக் காட்டும் செத்தால் மேக் மாறுமே. அப்போது பெயர் விழாதே?


கல்லடிப்பாலம்
புதன், இரவு 9.05

விழாது. லேன்0 கோப்பில் ஒரு வரியை மாற்றி, இனிட்ராம்எஃப்எஸ் கொடுக்கவேண்டும். பதினொரு இடத்தில் மாற்றியதை இனி ஓர் இடத்தில் மாற்றுவீர்கள். அதுவரை லேன்0 இல்லாமல் இருக்கும், அவ்வளவுதான். உள்பக்க விதி ஒருபோதும் வெளிப்பக்கக் காட்டுக்குப் போகாது. எனக்கு அதுதான் பெரிய விசயம். மேக்குக்குப் பதிலாக ஸ்லொட்டின் பாதையோடும் கட்டலாம், ஆனால் அந்தப் பாதையிலும் பஸ் எண் இருக்கிறது, உங்கள் போர்டில் அது நகருவதைப் பார்த்துவிட்டீர்கள்.

தராசு அறைக்குப் போகும் கேபிளை என்ன செய்யப் போகிறீர்கள்? பிரச்சினை தொடங்கியது அதில்தானே. செம்புக் கம்பி முற்றத்துக்கு மேலால் போகும்வரை அடுத்த இடிக்கும் அது வாசல்தான். அந்தத் துண்டுக்கு மட்டும் ஃபைபர் இழுத்து, இரண்டு முனையிலும் மீடியா கொன்வேட்டர் போடுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது. தாங்கு கம்பியில் உலோகம் இல்லாத ஃபைபராகப் பார்த்து வாங்குங்கள்.


கிட்டங்கிப்பாதை
வெள்ளி, பகல் 12.10

முதலாளியிடம் பேசிவிட்டேன், ஃபைபருக்குச் சம்மதித்துவிட்டார். அடுத்த ஞாயிறு இழுக்கிறோம்.

சேர்வரின் பின்பக்கத்தில் இரண்டு போர்ட்டுக்கும் மேலே லேன்0, வேன்0 என்று லேபல் ஒட்டினேன், அதன் கீழே உள், வெளி என்று தமிழிலும் எழுதினேன். காவல்கார ஐயாவை அழைத்துக் காட்டினேன். நேற்று இரவு கரண்ட் இரண்டு முறை போய் வந்தது. காலையில் நான் அழைப்பதற்கு முன்பே அவர் போன் எடுத்து, இரண்டிலும் பச்சை எரிகிறது, முதல் லொறியின் நிறையும் எடுத்தாயிற்று என்று சொன்னார்.